மூன்று பேரிடம் மூன்று வயது

மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது. செலியமேடு குழந்தைவேலுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருஷம் மதகடிப்பட்டு சந்தையில் மாடு வாங்கி விற்ற ஆள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார். மனுஷன் வயிற்றில் இருப்பதைப் பல்லைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன் என்பார்.

கேள்வி அவர் மனைவி அமுதத்தின் காலைப் பற்றியது. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். சர்க்கரை உடம்பு. தை மாசம் கரும்பு வெட்டிய கொல்லையில் கட்டை குத்தியது. குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிமெண்டுத் தரையில் ரத்த அடியைப் பார்த்து, "யோவ், உன் கால்ல இன்னாய்யா ரத்தம்?" என்று அவரைக் கேட்டாள். அன்றிலிருந்து களிம்பு, மருந்துக்கடை மாத்திரை, வேப்பெண்ணெய். புண் மூடும், மறுபடி திறக்கும். எதிர்வீட்டு பாக்யராஜுக்கும் இப்படித்தான் சுண்டுவிரலில் ஆரம்பித்தது. இப்போது அவருக்கு முட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை. காலையில் வாசலைத் திறந்தால் அந்தக் காலியான வேட்டி முனைதான் குழந்தைவேலின் கண்ணில் முதலில் படும்.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். சர்க்கரைப் புண்ணுக்கு மூன்று காலேஜ் கூட்டாகச் செய்யும் ஆராய்ச்சி. ஒன்று டாக்டர் காலேஜ். அது இறால் ஓட்டிலிருந்து எடுத்த சரக்கில் செய்த மெல்லிய படலத்தைப் புண்மேல் ஒட்டிப் பார்க்கும். இன்னொன்று இன்ஜினியரிங் காலேஜ். செருப்புக்குள் வைக்க ஒரு மெத்தை கொடுக்கும். கால் எங்கெங்கே சூடாகிறது என்று அந்த மெத்தை நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது மெட்ராஸ் பக்கத்து யூனிவர்சிட்டி. பஞ்சுக் குச்சியால் புண்ணின் ஈரத்தைத் தொட்டெடுத்துப் போய் என்ன கிருமி என்று பார்க்கும்.

"ஒரு காலுக்கு இன்னாத்துக்குடி மூணு காலேஜு?" என்றார் குழந்தைவேல்.

"ஒரு வாயிக்கு நீ மூணு வேள துன்னல?" என்று சொல்லிவிட்டு அமுதம் பேர் கொடுத்துவிட்டாள்.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. சும்மா வருகிறவன் சும்மா போக மாட்டான். முகாமில் மூன்று காலேஜ் ஆட்களும் ஒரே மாதிரி சிரித்தார்கள், ஒரே மாதிரி அட்டை மாட்டியிருந்தார்கள். அவர் கணக்கு இது: மூன்று பேரும் ஒரே கூட்டு. இன்றைக்குப் புண் ஆறும், ஆறும் என்பார்கள். ஒரு நாள் மூன்று பேரும் ஒரே வாயாகக் காலை எடுக்க வேண்டும் என்பார்கள். அன்றைக்குப் போய்க் கேட்க நாலாவது ஆள் இருக்க மாட்டான்.

கூட்டா இல்லையா என்று கண்டுபிடிக்கச் சந்தையில் ஒரு வழி உண்டு. ஒரே மாட்டை மூன்று தரகன் வந்து பார்த்தால் மூன்று பேரிடமும் மூன்று வயது சொல்ல வேண்டும். கூட்டு என்றால் பொழுது சாய்வதற்குள் பொய் உடையும். எவனாவது ஒருவன் திரும்பி வந்து, "இன்னா பெரியவரே, அவன்கிட்ட ரெண்டு பல்லுன்னியாமே, என்னாண்ட ஆறுன்ற" என்று கேட்பான். உடையவில்லையா, தனித்தனி ஆள். தைரியமாக விலை பேசலாம்.

டாக்டர் காலேஜிலிருந்து முதலில் வந்தது ஜெயசுதா. இளம் டாக்டர், கண்ணாடி போட்டவள், வேகமாகப் பேசுகிறவள். மடியில் தாளை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தப் புண் எத்தனை நாளா இருக்கும்மா?"

அமுதம் வாயைத் திறப்பதற்குள் குழந்தைவேல், "ஒரு மாசம்," என்றார்.

அமுதம் திரும்பிப் பார்த்தாள். அவர் புருவத்தை ஏற்றினார். சந்தைக்கு அவள் போனதில்லை, ஆனால் முப்பத்தேழு வருஷம் அந்தப் புருவத்தோடு குடித்தனம் நடத்தியவள். ஜெயசுதா எழுதிக்கொண்டு, "புதுசுதான், நல்லது. எக்ஸ்ரே தேவைப்படாது," என்று படலத்தை ஒட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து மெத்தை கொண்டுவந்த எழிலரசனிடம் மூன்று மாசம் என்றார். சனிக்கிழமை பஞ்சுக் குச்சியோடு வந்த ஜோஸ்பினிடம் ஒரு வருஷம் என்றார். அவள் போன பிறகு அமுதம் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, புண்ணு இன்னா பஞ்சாயத்து எலக்‌ஷனா, ஆளுக்கு ஒண்ணு சொல்றதுக்கு?"

"நீ சும்மா இருடி. யாரு யாரோட சேத்தின்னு பாக்கறன்."

"பாத்து?"

"பாத்தா தெரியும்."

அவர் காத்திருந்தார். ஒரு வாரம் போயிற்று. திங்களும் வியாழனும் ஜெயசுதா, புதன் எழிலரசன், ஒன்றுவிட்டு ஒரு சனி ஜோஸ்பின். வந்தார்கள், போனார்கள். ஒருத்தரும் திரும்பி வந்து கேட்கவில்லை. இரண்டாவது வாரமும் கேட்கவில்லை. குழந்தைவேலுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கூட்டு இல்லை, தனித்தனி ஆள்தான். ஜெயசுதாவுக்குக் காபி போடச் சொன்னார். எழிலரசனிடம் எந்த ஊர் தம்பி என்று விசாரித்தார்.

ஐப்பசி மழை பிடித்த ஞாயிற்றுக்கிழமை அமுதத்துக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போட்டும் நடுங்கினாள். மழைக்காலக் காய்ச்சல் என்று அவளே சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை வந்த ஜெயசுதாவிடமும் அதையே சொன்னாள். ஜெயசுதா படலத்தை மேலாகப் பார்த்து, "காஞ்சு நல்லா மூடிக்கிட்டு வருது," என்று காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தாள்.

புதன்கிழமை எழிலரசன் வந்து மெத்தையை எடுத்து ஒரு சின்னப் பெட்டியில் சொருகினான். கம்ப்யூட்டரில் காலின் படம் வந்தது. இடது கால் பச்சை. வலது காலில் பெருவிரலடியில் மிளகாய்ப் பழம்போல் ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு குதிகால் பக்கம் ஒழுகினாற்போல் இறங்கியிருந்தது.

"இது இன்னா தம்பி செவப்பு?"

எழிலரசன் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான். "சூடு தாத்தா. ஒம்போது நாளா ஏறிட்டிருக்கு."

"அந்த டாக்டர் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"சொல்லக்கூடாது தாத்தா."

குழந்தைவேல் அவன் முகத்தையே பார்த்தார். பையன் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சொல்லக்கூடாதுன்னா?"

"ஒருத்தர் பாத்தது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா, அவங்க கண்ணும் அதையே தேடும். அப்புறம் எது நெசம்னு தெரியாது. அதனால மூணு காம்பஸும் தனித்தனியா எழுதி வெச்சு, ஆறு மாசம் கழிச்சுதான் ஒண்ணா பிரிப்போம். அதான் ரூல்."

"அதுக்குள்ள காலு போச்சுன்னா?"

"ரொம்ப சூடு ஏறினா எங்க சாருக்கு மெயில் போடணும். போட்டுட்டேன். சார் கான்ஃபரன்ஸுக்குப் போயிருக்கார்."

"எங்க?"

"ஜப்பான்."

அவன் போன பிறகும் குழந்தைவேலுக்கு அது பிடிபடவில்லை. வாழ்க்கை முழுக்க எவன் எவனோடு சேர்ந்திருக்கிறான் என்று பார்த்துப் பார்த்துப் பயந்த மனுஷன். ஊரைக் கூட்டி, பேனர் கட்டி, நாங்கள் மூன்று பேரும் கூட்டு என்று சொல்லிவிட்டு, ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூடாது என்று சட்டம் போட்டுக்கொள்ளும் கூட்டை இப்போதுதான் பார்க்கிறார். தரகர்கள் இவர்களைவிட மேல். ஏமாற்றுவதற்காகவாவது பேசிக்கொள்வார்கள்.

உள்ளே போய் அமுதத்தின் கணுக்காலில் புறங்கையை வைத்தார். அடுப்புக் கல்போல் இருந்தது. இடது காலைத் தொட்டார். அது சில்லென்று இருந்தது.

"இன்னாய்யா தடவிப் பாக்கற? பல்லையும் பாக்கறியா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

சுவர்க் காலண்டரில் மூன்று பேரும் அவரவர் நம்பரை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வா என்றால் வர மாட்டார்கள், என் முறை நாளைக்கு, என் முறை சனிக்கிழமை என்பார்கள். அது அவருக்குத் தெரியும். அவனவன் சாமான்மேல்தான் அவனவனுக்கு உயிர். மூன்று நம்பருக்கும் போட்டு ஒரே பாட்டைப் பாடினார்:

"எங்களுக்கு வேணாம். நாங்க வெலகிக்கறம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து உங்க சாமானை எடுத்துக்கினு போயிடுங்க. பதினோரு மணிக்குக் குப்பை வண்டி வருது."

மறுநாள் பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழிலரசனின் பைக் வந்தது. பின்னாலேயே டாக்டர் காலேஜ் வேன். ஜோஸ்பின் விடியற்காலை மெட்ராஸில் பஸ் ஏறி, கிருமாம்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து நனைந்துகொண்டு வந்தாள். மூன்று பேரும் வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

"நீங்க... எழிலரசன்தானே? மீட்டிங்ல எப்பவும் மியூட்ல இருப்பீங்களே," என்றாள் ஜெயசுதா.

"நீங்க கேமராவே போட மாட்டீங்களே மேடம்," என்றான் அவன்.

"முகாம்ல கூட ஆளுக்கொரு மூலைல இருந்தோம்," என்றாள் ஜோஸ்பின்.

குழந்தைவேல் மூவரையும் கூடத்தில் ஏற்றிவிட்டு வெளிக்கதவைச் சாத்தி, அதன் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கட்டிலில் அமுதம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அவனவன் பேப்பரை எடுங்க. ஒருத்தர் படிங்க, மத்தவங்க ரெண்டு பேரும் கேளுங்க. அப்புறம் கதவு தெறக்கும்."

"அது முடியாது தாத்தா," என்றாள் ஜெயசுதா. "ஸ்டடியே கெட்டுப்போயிடும்."

"காலு கெட்டுப்போச்சு. அத்தக் கேளு."

"எங்க சார்கிட்ட ஒரு வார்த்தை..." என்று எழிலரசன் போனை எடுத்தான்.

"ஜப்பான்ல இருந்து உன் சாரு ஏரோப்ளேன்ல வந்து கதவத் தெறப்பாரா?"

மூன்று பேரும் படித்த பிள்ளைகள், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதற்கும் பயந்தார்கள். முதலில் ஜோஸ்பின் பையைத் திறந்தாள். "வேலை போனா போகுது," என்று தாளை எடுத்துப் படித்தாள். "போன சனிக்கிழமை எடுத்தது. ரெண்டு கிருமி வளர்ந்திருக்கு. ஒண்ணு ஆழத்துல இருக்கிறது. ஒரு வருஷப் புண்ணுன்னு சொன்னாங்க, பழைய புண்ணுல இப்படி இருக்கும்னு நான் அதைப் பெருசா எடுத்துக்கல."

ஜெயசுதா நிமிர்ந்தாள். "ஒரு வருஷமா? என்கிட்ட ஒரு மாசம்னு சொன்னாங்க."

"என் ஃபாரத்துல மூணு மாசம்," என்றான் எழிலரசன்.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். சந்தையில் குழந்தைவேல் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், எத்தனையோ முறை பிடிபட்டுமிருக்கிறார். அப்போதெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துவிடுவார். இப்போது சிரிப்பு வரவில்லை.

"நீங்க பேசிக்கறீங்களா இல்லையான்னு பாத்தன்," என்றார். "பேசிக்கினு இருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பன்."

"உண்மையில எப்ப குத்துச்சு?" ஜெயசுதாவின் குரல் மாறிவிட்டது.

கட்டிலிலிருந்து அமுதம்தான் பதில் சொன்னாள். "தை மாசம்மா. கரும்பு வெட்டு அன்னிக்கு. அவர் வாயிக்குப் பயந்துக்கினு நானும் பேசாம இருந்துட்டன்."

ஜெயசுதா விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதில் நின்றாள். "ஒம்போது மாசப் புண்ணுக்கு எலும்பை எக்ஸ்ரே எடுக்காம படலமே ஒட்டக்கூடாது தாத்தா. புதுசுன்னுதான் மூடினேன்."

எழிலரசன் கம்ப்யூட்டரைத் திறந்து கட்டில்மேலேயே வைத்தான். ரூல் எந்த மூலைக்குப் போயிற்றோ. ஜெயசுதா அந்தச் சிவப்பைப் பார்த்தாள், ஜோஸ்பினின் தாளைப் பார்த்தாள், கையுறையை மாட்டிக்கொண்டு படலத்தை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். மேலே காய்ந்து வெள்ளையாக இருந்தது. கட்டை விரலால் லேசாக அழுத்தினாள். அடியிலிருந்து சீழ் வந்தது. கூடம் முழுக்க நாற்றம். அமுதத்துக்கு வலிக்கவே இல்லை. "இன்னாம்மா நாறுது, எலி கிலி செத்துக்கிடக்குதா?" என்றாள்.

"வேன்ல ஏத்துங்க," என்றாள் ஜெயசுதா. "இப்பவே."

குழந்தைவேல் நாற்காலியைத் தள்ளிக் கதவைத் திறந்தார். எழிலரசன் தலைமாட்டைப் பிடித்தான், ஜோஸ்பின் காலைப் பிடித்தாள். வழி நெடுக மூவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஜோஸ்பின் கிருமியின் பேரைச் சொன்னாள், ஜெயசுதா அதற்கு என்ன மருந்து கேட்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னாள், எழிலரசன் எந்த நாள் எந்த இடத்தில் சூடு எத்தனை என்று படித்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷன் டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பெருவிரலும் அதற்குப் பின்னால் கொஞ்சம் எலும்பும் போயிற்று. பாதம் நின்றது. வெளியே வந்த ஆபரேஷன் டாக்டர் நரைத்த தலைக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். குழந்தைவேலுக்கு அந்த ஆளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, பேசியதும் பிடிக்காமல் போயிற்று.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முட்டியோட போயிருக்கும்," என்றார் டாக்டர். "ஆரம்பத்திலேயே ஒன்பது மாசம்னு தெரிஞ்சிருந்தா எக்ஸ்ரே எடுத்திருப்பாங்க. விரல்கூட நின்னிருக்கலாம். யார் ஒரு மாசம்னு சொன்னது?"

"நாந்தான்," என்றார் குழந்தைவேல்.

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவரும் திருப்பித் திட்டியிருப்பார்.

நாலாம் நாள் மூன்று காலேஜின் பெரிய பேராசிரியர்களும் சேர்ந்தாற்போல் வார்டுக்கு வந்தார்கள். ஜப்பான் போயிருந்தவரும் வந்திருந்தார். பின்னால் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவர்களைப்போல் நின்றார்கள். மூத்தவர் ஒரு தாளை நீட்டினார்.

"இனிமே வாராவாரம் மூணு காம்பஸும் பேசிக்கறதுன்னு ரூலை மாத்திட்டோம்மா. நீங்க ஸ்டடியில தொடரணும்னு எங்களுக்கு ஆசை. நடந்ததை இதுல எழுதியிருக்கோம். ஒரு கையெழுத்து மட்டும்."

தாளுக்கு அமுதம் கை நீட்டுவதற்குள் குழந்தைவேல் பிடுங்கி ஜோஸ்பினிடம் கொடுத்தார். "இன்னா எழுதிக்கீது? படி."

ஜோஸ்பின் பேராசிரியர்களைப் பார்த்தாள். பிறகு படித்தாள். நோயாளியின் வீட்டார் தவறான தகவல் தந்ததால் சிகிச்சை தாமதமாயிற்று. அவ்வளவுதான்.

"பாத்தியா அமுதம்? பாத்தியாடி? நாலே நாள்ல எம்மேல தள்ளிட்டானுங்க. ஒம்போது நாளா சூடு ஏறினத எவன் எழுதினான்? ரூலு பேச்சே இல்ல. வேணாம், கையெழுத்துப் போடாத. நாங்க ஒண்ணும் பொய்யே சொல்லலன்னு எழுதச் சொல்லு."

"வாய மூடுய்யா."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, மூன்று பேராசிரியர்களையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இந்த ஆளு பொய் சொன்னாரு, நெசம். கூட நானும் சும்மா இருந்தன், அதுவும் நெசம். ஆனா சூடு ஏறுதுன்னு ஒருத்தருக்குத் தெரியும், கிருமி இருக்குதுன்னு ஒருத்தருக்குத் தெரியும், மூணு பேரும் பேசிக்கல. அதுவும் நெசம்தான சார்? ரெண்டையும் எழுதுங்க. ரெண்டும் இருந்தா நான் வரன், எம் மத்த காலையும் பாத்துக்குங்க. ஒண்ணு மட்டும் இருந்தா பேப்பரை நீங்களே வெச்சுக்குங்க."

மூத்தவர் இருமினார். ரூலைத்தான் மாற்றிவிட்டோமே என்று ஜப்பான்காரர் தொடங்கினார். மூன்றாமவர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். யார் எழுதுவது என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஜோஸ்பின் பேனாவை எடுத்தாள்.

குழந்தைவேல் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து சுற்றி வந்து ஜோஸ்பினின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"அதுல எது முதல்ல வரும்? எம் பொய்யா, அவங்க ரூலா?"

"உன்னுதுதான் முதல்ல," என்றாள் அமுதம். "நீதான முதல்ல வாயத் தெறந்த."

எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் அவருக்குத் தமிழ் தெரியும். ஆனாலும் பேனா நகர்ந்த பக்கமெல்லாம் கண்ணை நகர்த்திக்கொண்டு, கடைசி வரிவரை அங்கேயே நின்றார்.